பிள்ளையைப் பனியில் யாரிடம் விடுவது: குழு வகுப்பா, தனி வகுப்பா, தெரிந்த மாமாவா?

ஜூலை மாதக் குளிர்கால விடுமுறைக்குப் பனிச்சறுக்கு (ஸ்கீ) மையமான ஆஃப்ரிஸ்கி போகலாமா என்ற பேச்சு ஜோஹன்னஸ்பர்க் தமிழ்க் குடும்பங்களில் மே மாதமே தொடங்கிவிடுகிறது. மிட்ராண்ட், ஃபோர்வேஸ் பக்கம் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கார்களில் கிளம்புவார்கள். லெனேசியாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு, டர்பனிலிருந்து விடியற்காலையில் புறப்படுகிறவர்களும் உண்டு. எந்த ஜாக்கெட், எந்த அறை, வழியில் சாப்பிடப் புளிசாதமா சப்பாத்தியா என்பதெல்லாம் நன்றாக அலசப்படும். பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கப் போகிறோம் என்பது மட்டும் கவுன்ட்டரில் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வரும்.

நமக்குப் பழக்கமில்லாத துறை என்பதுதான் காரணம். பரதநாட்டிய டீச்சரை இரண்டே வகுப்பில் நாம் எடை போட்டுவிடுவோம். அரைமண்டியில் சரியாக உட்கார வைக்கிறாரா, தட்டடவு நிற்கும் முன்பே அடுத்ததற்கு ஓடுகிறாரா என்று பார்க்க நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். பனியில் அப்படி ஒரு கண் நமக்கு இல்லை. அதனால் சீருடையையும் சிரிப்பையும் பார்த்துத் திருப்திப்படுகிறோம். சாயங்காலம் பிள்ளையிடம் கேட்கும் ஒரே கேள்வி, "மேலே கூட்டிட்டுப் போனாரா?" என்பதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு யாரும் பிடிக்காமல் நிறுத்தத் தெரிய வேண்டும், விழுந்தால் தானாக எழத் தெரிய வேண்டும், நாளைக்கும் வர ஆசை இருக்க வேண்டும். இந்த மூன்றையும் தருகிறவர் நல்ல இன்ஸ்ட்ரக்டர். எவ்வளவு உயரம் ஏற்றினார் என்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. கீழே ஒப்பிடுவதெல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்ஸ்ட்ரக்டரின் வேலையை இடம்தான் தீர்மானிக்கிறது. ஆஃப்ரிஸ்கி இருப்பது பக்கத்து நாடான லெசோத்தோவின் மலூட்டி மலையில், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ஃபூரிஸ்பர்க் தாண்டி கலெடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடி, அப்புறம் புத்தா புத்தே, அப்புறம் மோட்டெங் கணவாய் என்று வழி. (எல்லையில் பிள்ளையின் பாஸ்போர்ட்டோடு, பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் லெசோத்தோ விசா விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.) தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே என்றால் ஈஸ்டர்ன் கேப்பில் ரோட்ஸ் கிராமத்துக்கு மேலே டிஃபிண்டெல் என்ற ஸ்கீ மையம் இருக்கிறது. ஆனால் அது மூடித் திறந்த இடம். இந்தப் பருவத்தில் நடக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஆஃப்ரிஸ்கியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய சரிவு, அதுபோக புதிதாகக் கற்பவர்களுக்கான சின்ன இடம். வானத்திலிருந்து விழும் பனி போதாது என்பதால் இயந்திரத்தால் பனி செய்து பரப்புகிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் போல, கொஞ்சம் கடினம், இன்னும் கொஞ்சம் கடினம் என்று படிப்படியாக நகர்த்த இங்கே பத்துச் சரிவுகள் கிடையாது. சின்ன இடத்தைவிட்டுப் பெரிய சரிவுக்குப் போவது ஒரு பிள்ளைக்குப் பெரிய தாவல். அந்தத் தாவல் எப்போது என்று முடிவு செய்பவர் இன்ஸ்ட்ரக்டர். அதோடு இரவு உறைபனியில் காலைப் பனி கெட்டியாக வழுக்கும், மதியத்துக்குள் இளகும், ஜூலை சனி ஞாயிறுகளில் கூட்டம் முழுக்க அந்த ஒரே சரிவில்தான் இறங்கும். இதையெல்லாம் கவனித்து வகுப்பை நடத்துகிறவர் வேண்டும்.

மூன்று வழிகள்

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடலாம். கனடாவிலோ சுவிட்சர்லாந்திலோ சில வருடம் வேலை பார்த்த ஒரு மாமா, சித்தப்பா எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். நன்றாகச் சறுக்குவார், தமிழில் சொல்லித் தருவார், காசும் இல்லை. ஆனால் அவருக்குத் தன் கால்கள் தானாகச் செய்வதைப் பிரித்துச் சொல்ல வராது. "முன்னால சாய், முட்டிய மடக்கு, பயப்படாத" என்ற மூன்று வாக்கியத்தோடு பாடம் முடிந்துவிடும். அடியாத மாடு படியாது என்று நினைக்கும் தலைமுறையைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் கஷ்டம், பனியில் பயந்துபோன பிள்ளையை அதட்டிச் சரிசெய்ய முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு நாக்கு எழாது, உறவாயிற்றே. வகுப்பு முடிந்தபிறகு பழகும் நேரத்தில் கூடவே வருவதற்கு மாமா நல்ல துணை. ஆரம்பப் பாடத்துக்கு வேண்டாம். பெற்றோரே கற்றுத் தருவதற்கும் இதையேதான் சொல்வேன்.

குழு வகுப்பில் பணம் குறைவு என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ச்சொல் பாதிதான் போய்ச் சேரும். ஆறு வயதில் பலருக்கு இடது வலதே உறுதிப்பட்டிருக்காது. முன்னால் போகிற பிள்ளையைப் பார்த்துச் செய்வது அவர்களுக்கு இயல்பாக வரும். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்து, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளை ஆங்கிலம் புரியாமல் தடுமாறும் இடத்திலும் இது கை கொடுக்கும். இன்னொரு பிள்ளை தொப்பென்று விழுந்து எழுவதைப் பார்த்தால் விழுவதில் இருக்கும் வெட்கமும் போய்விடும்.

குழு வகுப்பைக் கெடுப்பது எண்ணிக்கை. எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சறுக்கினால், ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை அசைந்திருப்பது ஏழெட்டு நிமிடம். மீதி நேரம் குளிரில் நின்றிருக்கும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஒருவருக்கு நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய பிள்ளைகள் என்றால் ஆறு ஏழு வரை சரி. ஐந்து வயதுக் குழந்தையையும் பதினொரு வயதுப் பையனையும் 'இருவரும் புதுசுதானே' என்று ஒரே குழுவில் போட்டால் இரண்டு பேருக்குமே நஷ்டம். இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஒரு பிள்ளை அழுதால், பாத்ரூம் போக வேண்டும் என்றால், மற்ற பிள்ளைகளோடு யார் நிற்பார்? உதவிக்கு ஒருவர் இருக்கிறார் என்றால் அந்த வகுப்புக்கு உடனே மதிப்பு கூடுகிறது.

தனி வகுப்பில் கவனம் முழுக்க நம் பிள்ளைக்கு. பயந்த பிள்ளைக்கும், உடம்பில் ஏதாவது தனித் தேவை இருக்கும் பிள்ளைக்கும், ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்து ஓரிடத்தில் சிக்கி நிற்கும் பிள்ளைக்கும் இதுதான் சரி. ஆனால் ஒரு பெரியவரின் பார்வை விலகாமல் தன்மேல் இருப்பதைச் சில பிள்ளைகளால் தாங்க முடிவதில்லை. கால்களும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஐந்து வயதுக்கு ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் என்பது பணத்தை வீணாக்குவது.

தனி வகுப்பில் வெளியே தெரியாத அபாயம் ஒன்று இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் பிள்ளையைக் கையிலோ, தன் கால்களுக்கு நடுவிலோ, இடுப்பில் கட்டிய வாரிலோ பிடித்தபடியே அழைத்துப் போய்விடலாம். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும், பிள்ளையும் சிரிக்கும், கற்றிருப்பது ஒன்றும் இருக்காது. குழுவில் ஐந்து பிள்ளைகளை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது என்பதால் அங்கே இது நடப்பது குறைவு. பிடிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. மணி முழுக்கப் பிடித்திருக்கிறாரா, பிடிப்பது குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள்.

ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு தனி வகுப்பு எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்பதும் கிடைக்கிறது, கவனமும் கிடைக்கிறது, செலவும் இரண்டு வீட்டுக்குப் பிரிகிறது.

இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள்

எந்த வகுப்பு என்பதைவிட எந்த ஆள் என்பது எவ்வளவு முக்கியம் என்று போன குளிர்காலத்தில் கண்ணாலேயே பார்த்தேன். என் மகளும் என் அண்ணன் மகனும் ஏறக்குறைய ஒரே வயது, இருவருக்கும் பனி புதிது. குழுக்கள் நிறைந்துவிட்டதால் வேறு வேறு வகுப்பில் விழுந்தார்கள்.

அண்ணன் மகனுக்குக் கிடைத்தவர் கலகலப்பான இளைஞர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மிருகத்தின் பெயர் வைத்தார், பாடினார், ஓயாமல் தட்டிக் கொடுத்தார். முதல் மணி நேரம் முடிவதற்குள் பிள்ளைகளைச் சரிவின் மேலே கொண்டுபோகும் ஸ்கீ லிஃப்ட்டில் ஏற்றிவிட்டார். பின்பக்கமாகச் சறுக்கியபடி, பையனின் ஸ்கீ முனைகளைக் கையால் பிடித்து அழைத்து வந்தார். வீடியோ மதுரைக்குப் போனது. தாத்தா பாட்டிக்கு ஆனந்தம்.

என் மகளுக்கு வந்தவர் அந்த மலைப்பக்கத்திலேயே வளர்ந்த, லெசோத்தோவின் பசோத்தோ இனப் பெண். அதிகம் பேசவில்லை. முதலில் ஒவ்வொரு பிள்ளையின் கால்சட்டையையும் தூக்கி, பூட்ஸுக்குள் ஒரே ஒரு சாக்ஸ்தான் இருக்கிறதா, வேறு துணி எதுவும் சுருண்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஸ்கீ இல்லாமல் பூட்ஸோடு நடை. அப்புறம் ஒற்றைக் காலில் மட்டும் ஸ்கீ மாட்டி, இன்னொரு காலால் தள்ளித் தள்ளிப் போவது. இரண்டு காலிலும் மாட்டியபிறகு பக்கவாட்டில் நாலு எட்டு ஏறி, இறங்கி, தானாக நிற்கும் சமதரையில் போய் ஓய்வது. கைத்தடிகளைப் பிள்ளைகளிடம் தரவேயில்லை. பிறகு ஸ்கீ முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து 'பீட்சா' போடுவது, சிவப்பு விளக்கு என்று கத்தினால் பீட்சா போட்டு நிற்பது, பச்சை என்றால் போவது.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பந்து பொறுக்கும் விளையாட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, எடை மேலே இருக்கிறது, கால் தசையில் இன்னும் வலு இல்லை. அதனால் சறுக்கத் தொடங்கியதும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ சொன்னபேச்சு கேட்காது. "முன்னால் சாய்" என்று நூறு தடவை சொன்னாலும் நடக்காது. இவர் பனியில் மென்பந்துகளைப் போட்டு, சறுக்கியபடியே பொறுக்கச் சொன்னார். பந்தை எடுக்கக் குனிந்தால் எடை தானாக முன்னால் வந்துவிடுகிறது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

காலை முழுக்க அந்தச் சின்ன இடத்திலேயே போனது. "இன்னும் இங்கேயேதான் இருக்காளா?" என்று அண்ணி கேட்டார்.

மதியம் இரண்டு பிள்ளைகளையும் அதே சின்னச் சரிவில் தனியே விட்டோம். மகள் கொஞ்சம் வந்தாள், பீட்சா போட்டாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மகன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, யாராவது பிடிப்பார்கள் என்று நேராக வந்து ஓரத்து வலையில் விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் பூட்ஸ் மாட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பிள்ளைகள்மேல் அவருக்குப் பாசம் இருந்தது, பையனுக்கும் அவரைப் பிடித்திருந்தது, அந்தப் பிடிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளையும் எதையும் கற்காது. நிறுத்தக் கற்றுத் தருவதை அவர் தாண்டிப் போய்விட்டார், அவ்வளவுதான். நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு உயரம் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சோம்பலால் சமதரையிலேயே வைத்திருக்கும் இன்ஸ்ட்ரக்டரும் பார்வைக்கு அந்தப் பெண்ணைப் போலத்தான் தெரிவார். வித்தியாசம் பிள்ளையின் காலில் இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் ஏதாவது ஒன்று மாறுகிறதா? இரண்டு எட்டு மேலேயிருந்து, கொஞ்சம் வளைத்து, கையை முட்டியில் வைத்து என்று புதிது புதிதாக வந்துகொண்டிருந்தால் அது பாடம். பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தால் இடம் மாற்றக் கேளுங்கள்.

சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்?

கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்புகளில், பிரிட்டனின் பாஸியிலும் (BASI) கனடாவின் சிஎஸ்ஐஏவிலும் (CSIA) நான்கு நிலைகள். 1961இல் தொடங்கிய அமெரிக்காவின் பிஎஸ்ஐஏ (PSIA) அமைப்பில் மூன்று. மேல்நிலைச் சான்றிதழில் பெரும்பகுதி, அந்த ஆள் கடினமான சரிவில் எவ்வளவு நன்றாகச் சறுக்குகிறார், தேர்ந்தவர்களுக்கு எப்படிக் கற்பிக்கிறார் என்பதைச் சோதிப்பது. ஐந்து வயதுக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி சிரிக்க வைக்கும் திறமை அதில் தானாக வந்துவிடாது. அதனால்தான் பிஎஸ்ஐஏ குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும் என்றால், கீழ்நிலைச் சான்றிதழும் பிள்ளைகளோடு பல பருவம் பழகிய அனுபவமும் உள்ளவரை நான் எடுப்பேன், பெரிய சான்றிதழோடு பெரியவர்களுக்கே கற்பித்து வந்தவரை எடுக்க மாட்டேன். எந்தச் சான்றிதழும் இல்லாமல் நன்றாகச் சறுக்குவார் என்று மட்டும் சொல்லப்படும் ஆள் என்றால் தயங்குவேன்.

புக்கிங் செய்யும்போது போனில் கேட்க வேண்டியவை சில: ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், வயதை எப்படிப் பிரிக்கிறீர்கள், நாளைக்கும் அதே ஆள் வருவாரா, ஹெல்மெட் கட்டாயமா. ஹெல்மெட் 'விருப்பப்பட்டால்' என்று பதில் வந்தால் நான் அதற்கு மேல் பேச மாட்டேன்.

தூரத்திலிருந்து பாருங்கள்

பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள். அம்மா தெரிந்தால் அழுகை வரும், அப்பா தெரிந்தால் வீரம் காட்ட ஆசை வரும், இரண்டுமே பாடத்தைக் கெடுக்கும். முதல் இருபது நிமிட அழுகையை வைத்து இன்ஸ்ட்ரக்டரை எடைபோட வேண்டாம். அந்த அழுகைக்கு அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். குனிந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்து பேசுகிறாரா, 'கமான் கமான்' என்று நின்ற இடத்திலிருந்தே கத்துகிறாரா?

குழுவை எங்கே நிறுத்துகிறார் என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய சோதனை. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் நடத்தை விதிகள் பத்து. குறுகலான இடத்திலும், மேலேயிருந்து வருகிறவருக்குத் தெரியாத இடத்திலும் அவசியமின்றி நிற்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நல்லவர் பிள்ளைகளை ஓரமாக, மேலேயிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்துவார். புதுப் பிள்ளை சறுக்கும்போது தான் கீழ்ப்பக்கம் நிற்பார். சரிவின் நடுவில் குழுவை நிறுத்தி, பிள்ளைகளுக்கு முதுகு காட்டிக்கொண்டு வேறு யாரிடமோ பேசுகிறவரிடம் என் பிள்ளையை விட மாட்டேன்.

திருத்தும்போது ஒன்றைத்தான் திருத்த வேண்டும். ஒரே சறுக்கலில் கை, முட்டி, பார்வை, கால் என்று நாலு திருத்தம் சொன்னால் பிள்ளை நாலையும் விட்டுவிடும்.

வகுப்பு முடிந்ததும் அவர் சொல்வதைக் கவனியுங்கள். "சூப்பர், நல்லா பண்ணினா" என்பது மரியாதை. "இடதுபக்கம் திரும்புவது வந்துவிட்டது, வலதுபக்கம் இன்னும் பயம், நாளைக்கும் இதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பது உங்கள் பிள்ளையை உண்மையாகவே பார்த்தவர் சொல்வது. என் மகளின் இன்ஸ்ட்ரக்டர் மதியத்துக்கு மேல் பனி இளகி ஸ்கீ மாட்டிக்கொள்ளும், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த உயரத்தையும் அவர் கணக்கில் எடுக்கிறாரா பாருங்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம் போலக் கூடும், புதுப்பனி அதில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கடல்மட்டத்திலிருந்து வரும் டர்பன் பிள்ளைகளுக்குத் தலைவலியும் சோர்வும் சீக்கிரம் வரும். தண்ணீர் குடிக்க வைப்பது, கண்ணாடியைக் கழற்ற விடாதது, தலைவலி என்று சொல்லும் பிள்ளையை உடனே பெற்றோரிடம் அனுப்புவது எல்லாம் அவர் வேலையில் சேர்ந்ததுதான்.

எந்தப் பிள்ளைக்கு எது

நாலு வயது என்றால் ஸ்கீயைவிடப் பனியில் விளையாடுவதே போதும். ஆசைப்பட்டால் அரை மணி நேரத் தனி வகுப்பு. ஐந்து முதல் ஏழு வரை சின்னக் குழு, அது கிடைக்காவிட்டால் ஒத்த வயது உறவுப்பிள்ளையோடு சேர்ந்த தனி வகுப்பு. எட்டுக்கு மேல், பயம் இல்லாத பிள்ளை என்றால் குழுதான், வேறு யோசனையே வேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகள் நண்பர்களோடு குழுவில் கற்பதைத்தான் விரும்புவார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. பயந்த பிள்ளைக்கு வயது எதுவானாலும் தனி வகுப்பு, முடிந்தால் வார நாளில், கூட்டமில்லாத காலையில். இரண்டு நாள் தங்குவதாக இருந்தால் இரண்டு நாளுக்கும் ஒரே ஆளைக் கேளுங்கள். ஆள் மாறினால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

இன்ஸ்ட்ரக்டர் சரியில்லை என்று தெரிந்தால் மாற்றக் கேட்பதில் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அவர் மனம் நோகுமே, சண்டைபோல் ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். அண்ணன் மறுநாள் காலையில் நேராக வரவேற்பு மேசைக்குப் போனார். அந்த இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "என் பையனுக்கு இன்னும் நிறுத்தத் தெரியவில்லை, சின்னச் சரிவிலேயே முழு நேரமும் வைத்திருக்கும் வகுப்பு வேண்டும், ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்" என்று தேவையை மட்டும் சொன்னார். அந்த மேசையில் இருந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டி, பதினொரு மணிக் குழுவில் அவன் பெயரை எழுதிக்கொண்டார்கள்.